ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் பரிசளிக்கப் போகிறீர்களா?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஏர் ரைஃபிள் பயிற்சி கொடுக்கிறேன். துப்பாக்கிப் பழுதும் பார்க்கிறேன். பொங்கல், விஷு, பிறந்தநாள் என்று வந்துவிட்டால் அப்பாவோ மாமாவோ ஒரு ஸ்கோப் பெட்டியோடு வந்து நிற்பார்கள். ஸ்கோப் என்பது இலக்கைப் பெரிதாகக் காட்டும், துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் குழாய். பிள்ளைக்குத் தெரியாமல் வாங்கியதாக இருக்கும். அப்படி வந்த பல ஸ்கோப்கள் துப்பாக்கியில் ஏறாமலே அலமாரிக்குப் போயிருக்கின்றன. அளவு பார்க்காமல் யாரும் மூக்குக்கண்ணாடியைப் பரிசாகக் கொடுப்பதில்லை. ஸ்கோப்பும் அப்படித்தான், சுடுகிறவரின் கண்ணுக்கும் கன்னத்துக்கும் பொருந்த வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால், பிள்ளை எந்தப் பிரிவில் சுடுகிறது என்று கேளுங்கள். ஒலிம்பிக்கில் இருக்கும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், ஐ.எஸ்.எஸ்.எஃப். என்ற சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி, ஸ்கோப் மாட்டவே கூடாது. அங்கே பீப் சைட்தான், அதாவது லென்ஸ் பெரிதாக்காத, சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் அமைப்பு. அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும் பீப் சைட் வழியாகப் பார்த்துத்தான். ஒரு அப்பா மகளுக்காக வாங்கி வந்து என்னிடம் சொன்னார்: "ஒம்போது மடங்கு பெருசாத் தெரியுமாமுங்க மாஸ்டர். அப்புறம் பத்துக்குப் பத்துதானுங்களே?" அந்தப் பெண் பழகுவது 10 மீட்டர் போட்டிக்கு. ஸ்கோப்போடு போனால் லைனிலேயே நிற்க விடமாட்டார்கள். அவளுக்கு நல்ல ஷூட்டிங் கிளவுஸோ ஜாக்கெட்டோ வாங்கியிருந்தால் அன்றிலிருந்தே உதவியிருக்கும்.

போட்டிக்கு இல்லை, தோப்பில் அட்டை கட்டிவைத்துப் பழகத்தான் என்றால் ஸ்கோப் வாங்கலாம். அப்போது துப்பாக்கி எந்த வகை என்று பார்க்க வேண்டும். குழலை மடித்து லோடு செய்யும் ஸ்பிரிங் ஏர் கன் இரண்டு முறை உதைக்கும். உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் வெட்டி இழுக்கும். வெடிமருந்துத் துப்பாக்கிக்காகச் செய்த ஸ்கோப் பின்பக்க உதையைத் தாங்கும், எதிர்த்திசையில் வரும் இந்த வெட்டை எல்லா ஸ்கோப்பும் தாங்காது. விலை உயர்ந்த ஸ்கோப்பில்கூட லென்ஸ் கழன்று, குறுக்குக்கோடு சாய்ந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் பெட்டியில் 'ஏர் கன்னுக்கு ஏற்றது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தக் காற்றில் இயங்கும் பி.சி.பி. துப்பாக்கியில் இந்தத் தொல்லை இல்லை.

பெட்டியில் 4x32, 3-9x40 என்று போட்டிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது (3-9 என்றால் மூன்றிலிருந்து ஒன்பது வரை மாற்றலாம்), இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அவ்வளவு மில்லிமீட்டர். 32-ஐ 4-ஆல் வகுத்தால் 8. மடங்கு ஏற ஏற அந்தக் கற்றை ஒடுங்கும், தலை கொஞ்சம் நகர்ந்தாலும் காட்சி கறுத்துவிடும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு நாலு மடங்கு தாராளம்.

மடங்கைவிட நான் அழுத்திச் சொல்வது பேரலக்ஸ் பற்றி, அதாவது கண் நகர்ந்தால் குறுக்குக்கோடும் இலக்கின்மேல் நகர்வதுபோலத் தெரிவது. .22 வெடிமருந்து ரைஃபிளுக்கான ஸ்கோப்கள் பலவற்றில் பேரலக்ஸ் 50 கஜத் தூரத்தில் வராதபடி நிலையாக வைத்திருக்கும். அதை வைத்து 10 மீட்டரில் சுட்டால் படம் மங்கும். தலை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துக் குறியும் பல மில்லிமீட்டர் மாறும். சோதிப்பது எளிது. துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்து, தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். குறுக்குக்கோடு இலக்கின்மேல் ஊர்ந்தால் அந்த ஸ்கோப் அந்தத் தூரத்துக்கு உதவாது. முன்வளையத்தையோ பக்கக் குமிழையோ திருப்பி 10 கஜம் வரை பேரலக்ஸைச் சரிசெய்ய முடிகிற ஸ்கோப்பாக வாங்குங்கள்.

ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் மவுண்ட் வேறு, ஸ்கோப் வேறு. ஏர் கன்னின் மேற்பக்கத்தில் மவுண்ட் உட்கார, பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் டவ்டெயில் வெட்டு (சாய்வான பக்கங்கள் உள்ள பள்ளம்) இருக்கும். அகலமான பிக்காட்டினி மவுண்ட் அதில் உட்காராது. ஸ்கோப் குழாய் ஒரு இஞ்சா, 30 மில்லிமீட்டரா என்று பார்த்து, குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் வாங்க வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கியாக இருந்தால் நகராமல் தடுக்கும் சிறு முள், அதாவது 'ஸ்டாப் பின்' உள்ள மவுண்டைக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் பின்னால் நகர்ந்து கண்ணைத் தேடி வரும்.

மாட்டும்போது பிள்ளை பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். கடையிலேயே மாட்டி, காகிதம் சுற்றிக் கொடுக்காதீர்கள். துப்பாக்கியில் பெல்லட் (ஏர் கன் குண்டு) இல்லை என்று உறுதி செய்துவிட்டு, ரிங் ஸ்குரூக்களைத் தளர்வாக வைத்து, பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றச் சொல்வேன். கன்னம் கட்டையில் சுகமாகப் படிந்ததும் கண்ணைத் திறக்க வேண்டும். ஓரத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால், வட்டம் முழுசாகத் தெரியும்வரை நான் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துவேன். கழுத்தை நீட்ட வேண்டியது பிள்ளை அல்ல. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே ஏறக்குறைய மூணு, மூணரை இஞ்ச் நிற்கும். உதைக்கிற துப்பாக்கியில் இந்த இடைவெளி குறைந்தால் புருவம் கிழியும். கண்ணாடி போடுகிற பிள்ளை கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

குறுக்குக்கோடு நேராக நிற்கிறதா என்று பார்க்க, கொத்தனார் தூக்குக்குண்டு போதும். பத்து மீட்டர் தள்ளித் தொங்கவிட்டு, துப்பாக்கியை மட்டமாக வைத்து, செங்குத்துக் கோட்டை நூலோடு ஒட்டிப் பாருங்கள். பிறகு ஸ்குரூக்களைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ரிங்கின் இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும். இறுக்கும் அளவு மவுண்ட் பெட்டியின் அட்டையில் இருக்கும், பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டரை ஒட்டி. ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்தால் தேவைக்கு மேல் போகாது. பலத்தைக் காட்டினால் குழாய் நசுங்கும்.

ஜீரோ செய்யும்போது, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப் டயலைத் திருப்பும்போது, பலரும் திணறுவது கிளிக் கணக்கில். கால் எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) டயலில் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர் நகர்த்தும், 10 மீட்டரில் 0.7 மட்டுமே. குண்டு 2 சென்டிமீட்டர் தள்ளிப் பட்டால் 28 கிளிக் போலத் திருப்ப வேண்டும். நாலு கிளிக் வைத்துவிட்டு ஸ்கோப் பழுது என்று சொல்ல வேண்டாம். காற்றையும் பார்க்க வேண்டும். நம்முடையது பாலக்காட்டுக் கணவாய். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருப்பதே இந்தக் காற்றை நம்பித்தான். அரை கிராம் பெல்லட் திறந்த வெளியில் அதில் தள்ளிப்போகும். காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில் ஜீரோ செய்யுங்கள்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறொன்று. ஸ்கோப் கிடைத்ததும் பிள்ளைகள் அதைத் தொலைநோக்கியாக்கிவிடுகிறார்கள். பக்கத்துத் தோப்பில் யார் தேங்காய் போடுகிறார்கள் என்று ஸ்கோப் வழியாகப் பார்த்தால், குழலும் அந்த ஆள்மேல்தான் இருக்கிறது. பெல்லட் ஒரு கண்ணைக் குருடாக்கப் போதும். ஸ்கோப்போடு ஒரு சின்ன பைனாகுலரும் வாங்கிக் கொடுங்கள். துப்பாக்கி இலக்கு அட்டையைத் தவிர எதையும் பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

"மயிலு தக்காளியத் திங்குதுங்க, ஒரு ஸ்கோப் போட்டுக் குடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. மாட்டித் தரமாட்டேன். மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, சுட்டால் சிறை. காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் சுட வேண்டியவர்கள் லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்கள், ஏர் கன் வைத்திருக்கும் பிள்ளைகள் அல்ல. ஏர் கன்னிலும் 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் இருந்தாலோ, குழல் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும்.

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும் ஸ்கோப்பை ஸ்பாஞ்ச் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். ஈரம் தங்கி லென்ஸில் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவிலோ காற்றோட்டமான அலமாரியிலோ வையுங்கள், லென்ஸை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். மாட்டிய பின் முதல் டப்பா பெல்லட் தீர்ந்ததும் ஸ்குரூக்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தளர்ந்திருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், வரும்போது பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.