ஹார்டு டிஸ்கை அணைத்து அணைத்துப் பேட்டரியை மிச்சம் பிடிக்காதீர்கள்

இந்த வாரமும் பழுதுபார்க்க ஒரு லேப்டாப் வந்தது. "சார்ஜ் நிக்கவே மாட்டேங்குதுன்னு ஒரு வீடியோல சொன்ன மாதிரி மாத்தினேன் அண்ணா, இப்போ டிக் டிக்னு சத்தம் வருது" என்றார் அந்த மாணவி. பவர் ஆப்ஷன்ஸைத் திறந்தால், ஹார்டு டிஸ்க் 1 நிமிடத்தில் நிற்கும்படி வைத்திருக்கிறார். பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் வழக்கமாக 10 நிமிடம் வைத்திருக்கும். ப்ராஜெக்ட் முழுவதும் அதே டிஸ்கில், வேறு காப்பி இல்லை. தயவுசெய்து, இப்படிச் சத்தம் கேட்டால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். அணைத்துவிட்டு எடுத்து வாருங்கள்.

டிஸ்க் நின்றால் கரண்ட் மிச்சம்தானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். லேப்டாப்பில் இருக்கும் இரண்டரை அங்குல டிஸ்க், வேலையில்லாமல் சுற்றும்போது 1 வாட்டுக்கும் குறைவாகத்தான் எடுக்கும். படிக்கும்போதும் எழுதும்போதும் 2 வாட் பக்கம். ஆனால் டிஸ்குக்குள் சுற்றும் தட்டு நின்றுபோனால், அதை மறுபடி நிமிடத்துக்கு 5400 சுற்று வேகத்துக்குக் கொண்டுவர, அந்தச் சில நொடிகளுக்கு 4, 5 வாட் வரை இழுக்கும். நின்ற டிஸ்க் நின்றபடியே இருந்தால் லாபம்தான். விண்டோஸ் விட்டால்தானே? ஆன்டிவைரஸ், அப்டேட், இண்டெக்ஸிங், பிரவுசர் கேஷ் என்று ஏதாவது ஒன்று தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கும். திரை வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தாலே இதைவிட அதிகம் மிச்சமாகும்.

தேய்மானம் வேறு இருக்கிறது. தட்டில் படித்து எழுதும் முனைதான் ஹெட். அது ஒவ்வொரு முறை தட்டைவிட்டு ஒதுங்கித் திரும்புவதும் ஒரு லோட் சைக்கிள். பல லேப்டாப் டிஸ்க்குகளுக்கு 6 லட்சம் முறை என்று வரம்பு சொல்வார்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒதுங்கினால் மணிக்கு 120. நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 960. இரண்டு வருடம் ஆகும் முன்பே வரம்பைத் தொட்டுவிடும். 2007-இல் உபுண்டு என்ற லினக்ஸ் பயனர்கள் பதறியது இந்த எண் ஏறுவதைப் பார்த்துத்தான். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 193 என்ற எண்ணுக்கு நேரே இருக்கும், உங்கள் டிஸ்கிலும் ஒருமுறை பாருங்கள். லினக்ஸில் டிஸ்க் அமைப்புகளை மாற்றும் ஹெச்டிபார்ம் கட்டளையைப் பயன்படுத்துபவர்களுக்கு: ஏபிஎம் என்ற மின்சிக்கன அமைப்பின் மதிப்பு 127 வரை தட்டை நிற்க விடும், 128 முதல் 254 வரை விடாது.

அப்போ என்னதான் செய்வது? டிஸ்குக்கு இருக்கும் வேலையைக் குறையுங்கள். முதலில் ரேம். 4 ஜிபி ரேமில் முப்பது டேப் திறந்தால் விண்டோஸ் டிஸ்கையே ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவது அதனால்தான். 8 ஜிபி ஆக்குங்கள். ஆன் செய்தவுடன் தானாகத் திறக்கும் புரோகிராம்களில் தேவையில்லாததை டாஸ்க் மேனேஜரில் நிறுத்துங்கள். டிஃப்ராக் (சிதறிய ஃபைல்களை ஒழுங்காக அடுக்குவது), டொரண்ட், முழு வைரஸ் ஸ்கேன் எல்லாம் சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும். லினக்ஸ் என்றால் எஃப்எஸ்டேப் என்ற அமைப்பு ஃபைலில் நோஏடைம் சேருங்கள், ஃபைலைப் படிக்கும்போதெல்லாம் அந்த நேரத்தை டிஸ்கில் எழுதுவது நின்றுவிடும்.

முடிந்தால் ஹார்டு டிஸ்குக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள். சுற்றும் தட்டே கிடையாது. அதற்கு டிஃப்ராக் செய்யவும் வேண்டாம். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், அதுவும் உங்கள் லேப்டாப் பேட்டரியில்தான் சுற்றுகிறது.