தண்ணீரில் குதிக்காத சாரணர்கள்

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்பேட்டைப் பக்கத்துச் சாரணர் பையன்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வகுப்பில் எப்போதும் ஒரே கேள்விதான்: "உன் ஃபிரெண்டு கடலில் தத்தளிக்கிறான். என்ன செய்வாய்?"

"குதிச்சிடுவேன் சிஸ்டர்!" என்று மொத்தப் பேரும் கத்துவார்கள்.

கழுத்து ஸ்கார்ஃபை அவிழ்த்துக் கைக்குத் தொட்டில் கட்டு போட ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். இந்தப் பதிலை மாற்ற மூன்று வாரம் ஆகும். பல வருடங்களுக்கு முன் என் இரவுப் பணியில் அண்ணன் தம்பி இருவரைக் கொண்டுவந்தார்கள். அலையில் சிக்கியது தம்பி, அவன் பிழைத்துக்கொண்டான். காப்பாற்றக் குதித்த அண்ணன் பிழைக்கவில்லை. மூழ்குகிறவன் கைக்கு எது கிடைத்தாலும் பிடித்து மேலே ஏறத்தான் பார்ப்பான்; நம் தலையாக இருந்தாலும் சரி. அதோடு, கையை ஆட்டிக் கூப்பிடுவதெல்லாம் பெரும்பாலும் சினிமாவில்தான். நிஜத்தில் வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாகப் போய்வரும், கத்த மூச்சு இருக்காது. பக்கத்தில் நிற்பவர்களுக்கே அவன் விளையாடுவது போலத் தெரியும்.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே உயிர்காப்பு ஒரு பாடமாக இருந்தது. நாமோ முடிச்சுகளை மேசைமேல் போட வைத்து பேட்ஜ் கொடுத்துவிடுகிறோம். அதனால் நான் பையன்களைத் திருவொற்றியூர் கரைக்கே கூட்டிப்போகிறேன். அங்கே கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களில் பாசி வழுக்கும், கல்லை ஒட்டி நீரோட்டம் கடலுக்குள் இழுக்கும். கற்களின் மேல் யாரையும் ஏற விடுவதில்லை. மணலில் நின்றுதான் பயிற்சி. ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இறுக மூடி, கைப்பிடியில் கயிறு கட்டி வீச வேண்டும். காலி கேனைக் காற்று திருப்பிவிடும். ஆளைத் தாண்டி விழும்படி வீசிவிட்டு அவன் பக்கமாக இழுக்க வேண்டும். கயிறு இல்லையா, குச்சி, லுங்கி, எதையாவது படுத்துக்கொண்டு நீட்ட வேண்டும். நின்று நீட்டினால் அவன் நம்மை இழுத்துவிடுவான்.

இழுத்தாலும் இறுகாத வளையம் தரும் பௌலைன் முடிச்சை நான் நிதானமாகப் போட்டுக் காட்டியபோது காசிமேட்டு மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் சிரித்தான். "எங்கப்பா இதை இருட்டுலயே போடுவாரு சிஸ்டர்." சரி, அன்றைக்கு முடிச்சு வகுப்பை அவனே எடுத்தான்.

கரைக்கு வந்தபின் நம் ஊரில் உடனே நடப்பது வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்குவது. வேண்டவே வேண்டாம், வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். அப்புறம் மார்பின் நடுவே 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று மாறி மாறி, உதவி வரும்வரை. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. பெரியவர் என்றால் மார்பு ஐந்து செ.மீ. இறங்க வேண்டும். சின்னப் பையன்களுக்கு அந்த எடை இருக்காது, ஆனால் பக்கத்தில் நிற்கும் பெரியவருக்குச் சொல்லத் தெரிந்தாலே போதும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.

கடைசி வகுப்பில் 108-க்குப் பேசிப் பழகுகிறோம். நான்தான் மறுமுனை.

"எங்கிருந்து பேசுறீங்க?"

"பீச்லேர்ந்து."

"எந்த பீச்?"

அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது ஒவ்வொருவனும் தன் தெருமுனைப் பேருந்து நிறுத்தம், பக்கத்துக் கோயில், கரைக்கு இறங்கும் சந்து மூன்றையும் ஒப்பிக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட மெயின் ரோட்டுக்கு ஓடப்போவது யார் என்பதையும் அவர்களே முடிவு செய்துவைத்திருக்கிறார்கள்.