மூலம்தான் என்று யார் சொன்னது?

டெக்சஸில் குடல்நோய் மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுபவர்கள். இந்த மாதமும் அதே கதை. நாற்பதுகளில் ஒருவர், வீட்டுக்கூரை போடும் வேலை. மலத்தில் ரத்தம் வந்து வருஷமாகிறது. மூலம் என்று தானே முடிவு கட்டிக் கடைக் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அசதி தாங்காமல் ஒரு கிளினிக்குக்குப் போனபோது ஹீமோகுளோபின் 7தான், ரொம்பக் குறைவு என்று பார்த்துவிட்டு, இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ரத்தம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னிடம் வந்து சேரும்போது பெருங்குடல் புற்று கல்லீரல்வரை போயிருந்தது.

வளர்ந்த ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வந்தால் முதலில் குடலைத்தான் சந்தேகப்பட வேண்டும். இது மூன்றாம் ஆண்டு மாணவனுக்கே தெரியும். மாத்திரை எழுதும்போதே கொலோனோஸ்கோப்பிக்கும், அதாவது கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கும், எழுதுங்கள், ஐயா.

எனக்கு எரிச்சல் மூட்டுவது இன்னொரு பேச்சு: "லத்தீனோக்களுக்கு இந்த நோய் குறைவுதானே?" லத்தீனோக்கள் என்றால் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். ஒட்டுமொத்தக் கணக்கில் அமெரிக்க வெள்ளையர்களைவிடச் சற்றுக் குறைவு, சரி. ஆனால் அந்தக் கணக்கில் மெக்சிகோவிலிருந்து நேற்று வந்தவரும், புவேர்ட்டோ ரிக்கோக்காரரும், கியூபாக்காரரும், ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்து பர்கர் தின்றவரும் ஒரே பெட்டியில் கிடக்கிறார்கள். புவேர்ட்டோ ரிக்கோவில் புற்றுநோய்ச் சாவுகளில் பெருங்குடல் புற்று முன்வரிசையில் நிற்கிறது. பெட்டியின் சராசரியைப் பார்த்து அந்த ஊர்க்காரரைத் திருப்பி அனுப்ப முடியுமா? அப்புறம், இது இளைஞர்கள் அதிகமுள்ள சமூகம். அதனால் இவர்களில் நோய் கண்டுபிடிக்கப்படுபவர்களில் ஐம்பது வயதுக்குக் கீழ் இருப்பவர்களின் பங்கும் அதிகம். வருவது குறைவு என்பதால் வந்தவருக்குத் தீவிரம் குறைவு என்றாகிவிடாது. பரிசோதனை செய்துகொள்பவர்கள் குறைவு. முற்றிய நிலையில் வருபவர்கள் அதிகம். குடலோடு நிற்கும்போது பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். வேறு உறுப்புக்குப் பரவிய பிறகு ஏழில் ஒருவர் தாண்டினால் அதிகம்.

"அவர்கள் கலாசாரம் அப்படி, ஆம்பளைத் திமிர், வரமாட்டார்கள்" என்று சக மருத்துவர்களே சொல்வார்கள். வருகிறார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஃபிட் என்ற பரிசோதனை கிட்டை ஸ்பானிஷ் விளக்கத்தோடு வீட்டுக்கு அனுப்பினால் செய்து அனுப்புகிறார்கள். ஊர்க்காரப் பெண்களையே சுகாதாரப் பணியாளராக வைத்திருக்கும் கிளினிக்குகளில் இன்னும் நன்றாகவே நடக்கிறது. அவர்களைப் 'புரோமோத்தோரா' என்பார்கள். கிட்டில் ரத்தம் தெரிந்த பிறகுதான் சிக்கல். அடுத்து கொலோனோஸ்கோப்பி செய்தே ஆக வேண்டும். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை டெக்சஸ் விரிவாக்கவில்லை. நாட்டிலேயே இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் விகிதம் இங்குதான் அதிகம். பில் ஆயிரக்கணக்கான டாலர். முந்தின நாள் முழுக்கப் பேதி, மறுநாள் மயக்க மருந்து, வீட்டுக்குக் கூட்டிப்போக கார் உள்ள ஓர் ஆள். தினக்கூலிக்காரருக்கு இரண்டு நாள் சம்பளம் போச்சு. பேதி மருந்துக் குறிப்போ ஆங்கிலத்தில். பதினாலு வயது மகள் கூச்சத்தோடு அப்பாவுக்கு மொழிபெயர்ப்பதை என் அறையிலேயே பார்த்திருக்கிறேன். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் கடமை. கேட்டு வாங்குங்கள். கிட்டில் ரத்தம் தெரிந்த பிறகு இப்படி இழுத்துக்கொண்டே போய்ப் பத்து மாதம் தாண்டினால் புற்று இருக்கும் வாய்ப்பும் முற்றியிருக்கும் வாய்ப்பும் கூடுகின்றன.

நம்மவர்கள் இதைப் பக்கத்து வீட்டுக் கதையாகப் படிக்க வேண்டாம். "நான் சைவம், எனக்கு வராது" என்று சொன்ன தமிழர்களுக்கும் கட்டி எடுத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் இருந்தால் 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்குங்கள். 2021 மே மாதம் ஐம்பதிலிருந்து குறைத்தாயிற்று. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது வந்திருந்தால் நாற்பதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், எது முந்தியோ அது. குடும்பத்தில் யாருக்கும் வராதவருக்குக் கொலோனோஸ்கோப்பி சரியாக இருந்தால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை போதும். ஃபிட் என்றால் வருஷா வருஷம். ரத்தம் கண்ணால் தெரிகிறவருக்கு ஃபிட் வேண்டாம், வயது பார்க்காமல் நேராக மருத்துவரிடம் போங்கள். இன்சூரன்ஸ் இல்லையா? வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக சுகாதார மையங்கள் உண்டு. 'பாசிட்டிவ் வந்தால் கொலோனோஸ்கோப்பிக்கு எங்கே அனுப்புவீர்கள்?' என்று கிட் வாங்கும்போதே அங்கே கேட்டுவையுங்கள்.

கிட் கைக்கு வந்துவிட்டால் அலமாரியில் வைக்காதீர்கள், கழிப்பறையிலேயே வையுங்கள். தயவுசெய்து, மாதிரி எடுத்த தேதியைக் கிட்டில் உள்ள மாதிரிக் குழாயின்மேல் எழுதுங்கள். தேதி இல்லாவிட்டால் லேப் அதைத் தூக்கிப் போட்டுவிடும்.