மறுசுழற்சி அல்ல, மீள்செலுத்தல்

பெங்களூர் அல்சூரில் நான் வண்டி விடும் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். பத்து வருட டீசல் கார். "ஈஜிஆரை அடைச்சிடுங்கண்ணா. எரிஞ்ச குப்பையைத் திரும்ப இன்ஜினுக்குள்ளயே எரிய விட்டா இன்ஜின் என்னத்துக்கு ஆகும்?" என்றார். ஈஜிஆர் என்பது எரிந்து வெளிவரும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் அமைப்பு. எரிய விடுவதாக யார் சொன்னது என்று கேட்டேன். போனில் ஒரு தமிழ் விளக்கத்தைக் காட்டினார். "வெளியேற்ற வாயு மறுசுழற்சி: கழிவு வாயுவை மீண்டும் பயன்படுத்தும் முறை." இந்தத் தொடரைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. அன்றைக்கு அது ஒரு வண்டியையே கெடுக்கப் பார்த்தது.

ஆங்கிலத்தில் இதன் முழுப்பெயர் எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்க்குலேஷன். சொற்களின் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸாஸ்ட் லத்தீனிலிருந்து வந்தது. நீரை வெளியே இறைப்பது அதன் பழைய பொருள். கேஸ் என்ற சொல்லை 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்பவர் கேயாஸ் என்ற கிரேக்கச் சொல்லை வைத்து உருவாக்கினார். ரீசர்க்குலேஷனில் இருப்பது வட்டம். மூன்றின் முதலெழுத்தும் சேர்ந்ததுதான் ஈஜிஆர்.

வட்டம் இருப்பதால் 'சுழற்சி', 'ரீ' இருப்பதால் 'மறு', சொல்லுக்குச் சொல் சரிதானே என்பார்கள். அகராதிப்படி சரிதான். ஆனால் மறுசுழற்சி என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. காலி பாட்டில் உருகி இன்னொரு பாட்டில் ஆவது, பழைய பேப்பர் கூழாகி அட்டை ஆவது, இதெல்லாம்தான் மறுசுழற்சி. பெங்களூரில் உலர்குப்பையைத் தனியாகப் பிரித்துப் போடும் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பயனற்றது பதப்பட்டுப் பயனுள்ளதாக மாறுவது என்ற பொருள் அதில் ஊறிவிட்டது. இன்ஜினில் அப்படி எதுவும் நடப்பதில்லை. உள்ளே திரும்பும் புகை பதப்படுவதும் இல்லை, எரிபொருள் ஆவதும் இல்லை.

அதன் வேலையே எரியாமல் இருப்பதுதான். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக அது யாரோடும் சேராது. சிலிண்டருக்குள் சூடு மிக அதிகமாகும்போது மட்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிறது. மூச்சுக்குழலை அரிப்பவை, வெயில் பட்டால் தரைமட்ட ஓசோனுக்கு வழிசெய்பவை. ஏற்கெனவே எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கைப் புதுக்காற்றோடு கலந்து உள்ளே விட்டால் ஆக்சிஜன் விகிதம் குறையும், சூட்டின் உச்சமும் தணியும். பாட்டி வீட்டு விறகடுப்பில் தணல் மேல் சாம்பலைத் தள்ளி அடக்கி வைப்பார்களே, அதே கதை. சாம்பல் மறுபடி எரிவதற்காக அங்கே போகவில்லை.

சுழற்சி என்பதும் பொருந்தவில்லை. ரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது, அதற்குச் சுற்றோட்டம் என்று பாடநூலில் நல்ல சொல் இருக்கிறது. 'மறுசுற்றோட்டம்' என்று இங்கேயும் வைக்கலாம் என்று ஒரு நண்பர் வாதாடினார். இங்கே புகையில் ஒரு பகுதி திரும்புகிறது, மீதி சைலன்சர் வழியே போய்விடுகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால், புகையை உள்ளே விடும் வால்வு பெரும்பாலும் மூடியே இருக்கும். 'பவர் குறையுது' என்று அடைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஓட்டத்துக்கேற்பத் திறந்து மூடும் ஒன்றைச் சுற்றோட்டம் என்று எப்படிச் சொல்வது?

வெளியேற்ற வாயு என்பதும் எனக்கு உவப்பில்லை. வெளியே போகாமல் திரும்பும் பங்கைப் பற்றித்தானே பேசுகிறோம்? கழிநீர் போலக் கழிபுகை என்று சொன்னால் யாருக்கும் புரியும். புகை என்றால் கண்ணுக்குத் தெரியும் கரி மட்டும்தானே, 'கழிவளி' அல்லவா துல்லியம் என்று கேட்கலாம். துல்லியம்தான். வளி திருக்குறளிலேயே உள்ள சொல், எனக்கு அதன் மேல் ஆசையும் உண்டு. ஆனாலும் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறவருக்கு அதற்கே தனி விளக்கம் வேண்டியிருக்கும். தூய்மையா தெளிவா என்று வந்தால் நான் தெளிவின் பக்கம். அதனால்தான் வால்வையும் வால்வு என்றே விடுகிறேன்.

ஆகவே என் சொல் கழிபுகை மீள்செலுத்தல். 'ஈஜிஆர் டெலீட்' என்பதை நீக்கம் என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். பல வண்டிகளில் எதையும் கழற்றி எறிவதில்லை, நடுவில் ஒரு தகடு வைத்து அடைக்கிறார்கள். அது அடைப்புதான். அடைத்தபின் கரிப்புகை குறைவதும் உண்டு. நம் ஊர் எமிஷன் டெஸ்டில் டீசலுக்குப் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. வண்டி பாஸ் ஆகிவிடும், அடைத்ததே நல்லது என்ற நம்பிக்கையும் வந்துவிடும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். பொருள் என்ன வேலை செய்கிறது என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்காமலே, அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அப்புறம் அதுவே நூறு இடங்களில் பரவி, மாற்றவே முடியாததாகிவிடுகிறது.

அன்றைக்கு மெக்கானிக் அடைக்க மறுத்துவிட்டார். சில்க் போர்டு நெரிசலில் தினமும் ஊர்ந்து போகிற வண்டியில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்வது சகஜம், கழற்றிச் சுத்தம் செய்தால் போதும் என்றார். வால்வைக் கையில் எடுத்துக் காட்டியபடி, "இது புகையைத் திருப்பி விடுற வால்வு சார், எரிக்கிறது இல்ல" என்றார்.