ஜின்ஜா: சொல்லும் பொருளும் தமிழ்ப் பெயரும்

ஜப்பானின் மரபுச் சமயமான ஷிந்தோவின் வழிபாட்டிடத்துக்கு ஜப்பானிய மொழியில் உள்ள பொதுப்பெயர் ஜின்ஜா. இதை இரண்டு சீன எழுத்துகளால் எழுதுவார்கள். முதல் எழுத்து தெய்வத்தைக் குறிக்கும். தனியாக நின்றால் அதைக் 'காமி' என்று படிக்க வேண்டும். இரண்டாம் எழுத்து தனியாக நின்றால் 'யாஷிரோ'. சொல்லின் உயிர் இந்த இரண்டாம் எழுத்தில்தான் இருக்கிறது. சீனத்தில் அது நிலத் தெய்வத்துக்கு எழுப்பிய மண்மேடையைக் குறித்தது; எழுத்தின் வலப்பாதி இன்றும் 'மண்' என்ற குறியே. யாஷிரோ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு, 'யா' என்றால் வீடு, 'ஷிரோ' என்றால் ஒன்றுக்கென ஒதுக்கி வைத்த இடம் என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். தெய்வம் வந்து தங்குவதற்காக ஒதுக்கிய இடம் என்பதே இதன் பொருள். நிலையான கட்டடம் என்ற கருத்து இதில் எங்கும் கிடையாது. 8ஆம் நூற்றாண்டுக் கவிதைத் தொகுப்பான மான்யோஷூவில் ஜின்ஜாவுக்குரிய அதே எழுத்துகளை 'மோரி', அதாவது தோப்பு, என்று படிக்கும் இடங்களும் உண்டு.

பழைய வழிபாட்டைப் பார்த்தால் இது ஏன் என்று புரிந்துவிடும். தெய்வம் இறங்கும் பாறைக்கு 'இவாகுரா' என்று பெயர். பாறை இல்லாத இடத்தில் 'ஹிமொரொகி', அதாவது தெய்வம் இறங்குவதற்கான தற்காலிக இடம், அமைத்தார்கள். இந்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. ஜப்பானில் வீடோ தொழிற்சாலையோ கட்டத் தொடங்கும்முன் மனையில் நான்கு மூங்கில்களை நட்டு, அவற்றைச் சுற்றி வைக்கோல் புரிக்கயிறு கட்டி, நடுவே சகாகி என்ற பசுமை மாறா மரத்தின் கிளையை நிறுத்துவார்கள். பூசாரி தெய்வத்தை அதில் இறங்கும்படி அழைப்பார். சடங்கு முடிந்ததும் வழியனுப்பிவிடுவார். பிறகு எல்லாவற்றையும் பிரித்துவிடுவார்கள். அந்தச் சிறிது நேரத்துக்கு அந்தச் சதுரம்தான் யாஷிரோ.

நாரா மாநிலத்தின் ஓமிவா ஜின்ஜாவில் இன்றுவரை கருவறையே இல்லை. 467 மீட்டர் உயரமுள்ள மிவா மலைதான் அங்கே தெய்வத் திருமேனி. தொழுகை மண்டபத்தில் நின்று, மூன்று வாயில்கள் ஒட்டிச் சேர்ந்த ஒரு தோரண அமைப்பின் வழியாக மலையை நோக்கி வணங்குகிறார்கள்.

6ஆம் நூற்றாண்டில் பௌத்தம் வந்து பெரிய விகாரைகள் எழுந்த பிறகே, தெய்வத்துக்கும் நிலையான கட்டடம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஆனாலும் 'நிலையான' என்ற சொல்லை இங்கே கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். இசே கோயிலின் தூண்கள் அடிக்கல் இல்லாமல் நேரே மண்ணில் ஊன்றப்பட்டவை, கூரை புல்வேய்ந்தது. ஈரம் ஏறி இரண்டும் உளுத்துவிடும். 690இல் தொடங்கிய முறைப்படி, 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்திலுள்ள காலி மனையில் அதே அளவில் புதிய கோயிலைக் கட்டித் தெய்வத்தை இடம் மாற்றுகிறார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில் இது நூறாண்டுக்கு மேல் நின்றுபோய், 1585இல் மீண்டது. 62ஆவது மாற்றம் 2013இல் நடந்தது, அடுத்தது 2033இல். பழைய மரத்தையும் வீணாக்குவதில்லை. முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள் உஜி பாலத்தின் இரு முனைகளிலும் தோரண வாயில்களாகி அடுத்த 20 ஆண்டுகள் நிற்கின்றன. அதன்பின் வேறு ஊர்களுக்குப் போகின்றன.

கருவறைக்கு 'ஹொன்தென்' என்று பெயர். உள்ளே இருப்பது 'ஷிந்தாய்', தெய்வம் உறையும் பொருள். பெரும்பாலும் முகம் பார்க்கும் கண்ணாடி; வாள், அணிமணி, கல்லாகவும் இருக்கலாம். அது பல உறைகளுக்குள் மூடப்பட்டிருக்கும். பல கோயில்களில் பூசாரியே அதைக் கண்டதில்லை. பக்தர்கள் நிற்கும் முன்மண்டபம் 'ஹைதென்'. பயணக் கட்டுரைகளில் ஹைதெனின் படத்தைப் போட்டு 'கருவறை' என்று எழுதிவிடுகிறார்கள். பெரிய கூரையும் மணியும் காணிக்கைப் பெட்டியும் தெரிந்தால் அது முன்மண்டபம். கருவறை அதற்குப் பின்னால், வேலிக்குள், பாதி மறைந்திருக்கும்.

கருவறைக் கூரை முனையில் கத்தரிபோல நீட்டிக்கொண்டிருக்கும் மரங்களுக்குச் 'சிகி' என்று பெயர். அவற்றின் நுனி செங்குத்தாக வெட்டியிருந்தால் ஆண் தெய்வம், கிடையாக வெட்டியிருந்தால் பெண் தெய்வம் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. இதை நம்பி எழுத வேண்டாம். இசேயின் புறக்கோயிலில் இருக்கும் தொயோஉகே பெண் தெய்வம். அங்கே நுனி செங்குத்தாகத்தான் வெட்டப்பட்டிருக்கிறது.

'தொரீ' என்பது நுழைவாயில். அதன் எழுத்துகளை அப்படியே படித்தால் 'பறவை இருக்கை' என்றாகும். சாஞ்சியில் நிற்கும் தோரணத்தோடு இதை இணைத்துப் பேசுவோரும் உண்டு; அந்த உறவு நிறுவப்படவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 'தோரண வாயில்' என்பது இதற்கு நல்ல தமிழ்ப் பெயர். மேல் உத்தரம் நேராக இருந்தால் ஷின்மேய் வகை. முனைகள் மேல்நோக்கி வளைந்து, கீழ் உத்தரம் தூண்களைத் தாண்டி நீண்டிருந்தால் ம்யோஜின் வகை.

பெயரின் ஈறுகளையும் அறிந்திருக்க வேண்டும். 'ஜிங்கூ' பெரும்பாலும் பேரரசக் குடும்பத்தோடு தொடர்புடைய கோயில். முன்னொட்டு எதுவுமின்றி 'ஜிங்கூ' என்றால் அது இசேயையே குறிக்கும். 'தாய்ஷா' என்றால் பெருங்கோயில். இது பழங்காலத்தில் முதன்மையாக இசுமோவுக்கு உரியது. கசுகா கோயிலும் ஃபுஷிமி இனாரி கோயிலும் இந்த ஈற்றைச் சூடிக்கொண்டது 1946இல்தான். நெல் தெய்வமான இனாரியின் கோயில்களில் காணும் நரிகள் தெய்வம் அல்ல, தெய்வத்தின் தூதர்கள். 'நரிக் கடவுள் கோயில்' என்று எழுதுவது பிழை.

ஒரே தெய்வத்துக்கு நாடெங்கும் கோயில்கள் இருப்பதற்குக் காரணம் 'புன்ரேய்' என்ற முறை. மூலக் கோயிலில் இருந்து தெய்வத்தைப் பகுத்து வேறிடத்தில் நிறுவுவார்கள். ஒரு விளக்கில் இருந்து இன்னொன்றை ஏற்றுவதுபோல, மூலத்தில் எதுவும் குறையாது. ஹச்சிமான் தெய்வம் கியூஷூவின் உசாவில் இருந்து 9ஆம் நூற்றாண்டில் கியோத்தோ அருகே இவாஷிமிசுவுக்கும், அங்கிருந்து 1063இல் காமகுராவுக்கும் வந்தது இந்த வழியில்தான்.

ஷிந்தோவும் பௌத்தமும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஒரே வளாகத்தில் கலந்து வாழ்ந்தவை. 1868இல் மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்க ஆணையிட்டது. பௌத்தச் சிலைகளும் மணிகளும் வெளியேற்றப்பட்டன, பல அழிந்தன. நம் சரஸ்வதியே பௌத்தத்தோடு ஜப்பான் சென்று பென்சாய்தென் ஆனாள். அவளை வழிபட்ட பல தலங்கள் அப்போது இச்சிகிஷிமாஹிமே என்ற ஜப்பானியத் தெய்வத்தின் கோயில்களாகப் பெயர் மாறின. 1906இல் தொடங்கிய கோயில் இணைப்பு இன்னொரு பேரிழப்பு. பல்லாயிரம் சிற்றூர்க் கோயில்கள் மூடப்பட்டு, அவற்றின் தோப்புகள் வெட்டப்பட்டன. இயற்கையியலாளர் மினகதா குமகுசு இதை எதிர்த்துக் கடுமையாகப் போராடினார். 1945 டிசம்பரில் நேச நாட்டு நிர்வாகத்தின் ஆணையால் கோயில்கள் அரசிடமிருந்து பிரிந்தன. இன்று சுமார் 80,000 கோயில்கள் இருக்கின்றன.

வழிபாட்டுக்கு முன் கை கழுவும் முறையில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஒரே அகப்பை நீரில் எல்லாம் முடிய வேண்டும். வலக்கையால் மொண்டு இடக்கையைக் கழுவி, கை மாற்றி வலக்கையைக் கழுவி, மறுபடி மாற்றி இட உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக்கூடாது. இடக்கையை மீண்டும் கழுவி, அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் காம்பில் வழிந்து அதையும் கழுவிவிடும். முதலிலேயே தாராளமாக ஊற்றினால் காம்புக்கு நீர் இருக்காது. பிறகு காணிக்கை இட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, ஒருமுறை குனிந்து வணங்குவார்கள். இசுமோ, உசா போன்ற சில கோயில்களில் நான்கு தட்டு. பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது.

தமிழில் எப்படி எழுதுவது? மொழிபெயர்ப்புகளில் 'ஷிந்தோ சன்னதி' என்று வருவது பொருந்தாது. சன்னதி என்பது தெய்வத்தின் திருமுன், கோயிலுக்குள் ஓரிடம். வளாகம் முழுவதையும் அது குறிக்காது. 'கோட்டம்' அழகான பழஞ்சொல். ஆனால் இன்றைய வாசகருக்கு அது மாவட்டப் பிரிவையே நினைவூட்டும். 'ஷிந்தோ கோயில்' என்பதே போதும். பௌத்த இடத்துக்கு 'விகாரை' என்று எழுதினால் இரண்டும் குழம்பாது. கோயிலைச் சூழ்ந்த 'சின்ஜு நோ மோரி'க்குக் கோயில்காடு என்ற சொல் அப்படியே பொருந்தும். காமியைக் 'கடவுள்' என்பதைவிடத் 'தெய்வம்' என்பது மேல். 18ஆம் நூற்றாண்டு அறிஞர் மொதோரி நொரினாகா, வழக்கத்துக்கு மீறியதாய் வியப்பும் அச்சமும் தரும் எதுவும் காமி என்றார். மலை, கடல், மரம், விலங்கு எல்லாம் அதில் அடங்கும். சங்கத் தமிழின் 'அணங்கு' இதற்கு மிக நெருக்கம். ஆனால் பிற்காலத்தில் அது பெண்ணைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

'ஜின்ஜா', 'ஜிங்கூ', 'தாய்ஷா' என்ற ஈறுகளிலேயே கோயில் என்ற பொருள் இருப்பதால், 'ஓமிவா ஜின்ஜா கோயில்' என்று எழுதத் தேவையில்லை. ஓமிவா கோயில் என்றோ ஓமிவா ஜின்ஜா என்றோ ஒன்றை மட்டும் எழுதலாம். பேரரசர் மெய்ஜிக்கு எழுப்பிய மெய்ஜி ஜிங்கூவுக்கு மட்டும் ஈற்றை விடாமல் எழுதுவது நல்லது. 'மெய்ஜி கோயில்' என்றால் மெய்ஜி காலத்தில் (1868–1912) கட்டியது என்று படித்துவிடுவார்கள். அது நிறுவப்பட்டது 1920இல்.