பழைய வீட்டில் கிடைக்கும் புதையல்களும் பனிக்காலத்து மேசை வேலையும்

பனிக்காலம் வந்துவிட்டால் பழைய வீட்டுப் பிரியர்களுக்கு வெளி வேலை நின்றுபோகும். கூரையில் ஏற முடியாது, சுவருக்கு வெளியே சுண்ணாம்புப் பூச்சும் பூச முடியாது. அப்போதுதான் கழற்றி வைத்த கதவு, ஜன்னல் சட்டம், கீல், கைப்பிடி எல்லாம் ஒவ்வொன்றாக அடுப்படிக்கும் கூடத்துக்கும் வந்து சேரும். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, கதகதப்பான அறையில் உட்கார்ந்து, மாலை முழுவதும் பழைய பெயின்ட்டைச் சுரண்டுவது அருமையான பொழுதுபோக்குதான். பழைய கட்டடங்களில் ஈயமும் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) எங்கெங்கே இருக்கின்றன என்று பரிசோதிப்பது என் தொழில். ஆண்டில் எந்தக் காலம் எனக்கு அதிகக் கவலை தருகிறது என்று கேட்டால், தயங்காமல் இந்தப் பனிக்காலத்தைத்தான் சொல்வேன். சுரண்டும் அந்தப் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும்.

இந்தப் பொருள்கள் மீது எனக்கும் கொள்ளை ஆசை உண்டு. தரைப்பலகையிலிருந்து பிடுங்கிய ஓர் ஆணி போதும், வீட்டின் வயதைப் பேச ஆரம்பித்துவிடலாம். நான்கு பக்கமும் கூம்பிக்கொண்டு, தலையில் சுத்தியல் தழும்போடு இருந்தால் கொல்லன் கையால் அடித்தது. இரண்டு பக்கம் நேராகவும் இரண்டு பக்கம் கூம்பியும் இருந்தால், இரும்புத் தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டியது. பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. உருண்டையான கம்பி ஆணி 1890களில்தான் மற்றதையெல்லாம் ஓரங்கட்டியது. ஸ்க்ரூவும் அப்படித்தான். நுனி மொட்டையாக, தலையில் உள்ள வெட்டு நடுவிலிருந்து சற்று விலகி இருந்தால் அது கூர்நுனி ஸ்க்ரூ பரவலாவதற்கு முந்தைய காலத்தது. அதாவது 1840களுக்கு முன்பு. மரத்தில் வளைவான ரம்பக் கோடுகள் இருந்தால் வட்ட ரம்பம் அறுத்தது, நேரான ஒழுங்கற்ற கோடுகள் என்றால் கையால் அறுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஜன்னல் கண்ணாடியைத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். வெளியே தெரியும் மரம் நெளிந்தால், நடுவில் சின்னக் குமிழிகள் இருந்தால், ஊதிச் செய்த பழைய கண்ணாடி. கண்ணாடி காலப்போக்கில் மெதுவாகக் கீழே வழிவதால்தான் அலை வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை, செய்த முறையிலேயே வந்த அலை அது. உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமதளமாகச் செய்யும் முறை 1959இல் பிரிட்டனில் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் இன்று நாம் பார்க்கும் வழுவழுப்பு வந்தது. ஆகவே நெளியும் கண்ணாடியைத் தயவுசெய்து உடைத்து எறியாதீர்கள், திரும்பக் கிடைக்காது.

எனக்குப் பிடித்த கண்டெடுப்பு எதுவென்றால், சுவருக்குள் ஒளித்து வைத்த செருப்புதான். புகைபோக்கி ஓரத்திலும் தரைக்கு அடியிலும் வாசல் நிலைக்கு மேலும், தேய்ந்துபோன ஒற்றைச் செருப்பு. பெரும்பாலும் குழந்தையுடையது. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் அருங்காட்சியகம் இப்படிக் கிடைத்தவற்றுக்கென்றே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. கெட்டதை விரட்ட வைத்தார்கள் என்பது பொதுவான ஊகம். ஆனால் வைத்தவர் யாரும் காரணத்தை எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

சரி, இப்போது மேசை மேல் இருக்கும் அந்த ஜன்னல் சட்டத்துக்கு வருவோம். ஓரத்தில் ஒரு கூரிய கத்தியால் சாய்வாக ஒரு வெட்டு வெட்டி, பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெயின்ட் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். மேலே பளிச்சென்று வெள்ளை, அதன் கீழ் இளநீலம், பிறகு அழுக்குப் பச்சை, அதற்கும் கீழே தடிமனான மஞ்சள் கலந்த வெள்ளை, கடைசியில் மரம். அந்தத் தடித்த வெள்ளைதான் பெரும்பாலும் ஈய வெள்ளை. 1940களுக்கு முந்தைய சில பெயின்ட்களில் காய்ந்த எடையில் பாதிவரைகூட ஈயம் இருந்தது. இன்று அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வீட்டுப் பெயின்ட்டுக்கு அனுமதித்த அளவு பத்து லட்சம் பங்கில் 90 பங்குதான். ஆபத்து தெரியாமல் இருந்த காலம் என்று சொல்லவும் முடியாது. கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 1921லேயே வந்துவிட்டது. ஆனால் அமெரிக்கா வீடுகளுக்கான ஈயப் பெயின்ட்டைத் தடை செய்தது 1978இல்தான்.

மேல் பூச்சு உரியாமல் அப்படியே இருக்கும்வரை ஈயம் பெரிய தொந்தரவு தராது. அதைத் தூளாக்குவதுதான் கேடு. உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத தூசி அறை முழுக்கப் பறந்து, தரையிலும் சோபாவிலும் விளையாட்டுப் பொருள்களிலும் படியும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். உடலுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகள் 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. எலும்பில் சேர்ந்த ஈயம் பல ஆண்டுகள் கழித்து, கர்ப்ப காலத்தில்கூட, மீண்டும் ரத்தத்தில் இறங்கும்.

நான் பார்த்த வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் கதை ஒன்று உண்டு. வழக்கமான பரிசோதனையில் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருக்கும். பெற்றோர் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிப்பார்கள். நான் போய்க் கூடத்துத் தரையைத் துடைத்துச் சோதித்தால், அந்தக் குளிர்காலத்தில் கதவு தேய்த்த மூலையில்தான் அளவு உச்சத்தில் இருக்கும். அங்கிருந்து காலடியோடு படுக்கையறைவரை போயிருக்கும். அந்தப் பெற்றோரின் முகத்தைப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆசையாய்ச் செய்த வேலை அது.

ஆகவே முதலில் சோதனை. கடையில் கிடைக்கும் துடைப்புக் குச்சிகள் சில நேரம் தவறாகக் காட்டும். எல்லா அடுக்கையும் வெட்டித் திறக்காமல் மேலோட்டமாகத் தேய்த்தால் நிச்சயம் ஏமாற்றும். எக்ஸ்ரே கருவியாலோ ஆய்வகத்திலோ பார்ப்பதே நம்பகமானது. ஈயம் இருந்தால், அல்லது இல்லை என்று தெரியாதவரை, தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள். கீழே தடித்த பிளாஸ்டிக் விரியுங்கள். சாதாரணத் துணி முகமூடி போதாது, நுண்துகள் வடிகட்டும் பி100 வகை சுவாசக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது. துடைப்பம் வேண்டாம், வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம். அது தூசியைப் பின்பக்கமாகத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதிவிடும். நுண்தூசியைப் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரையும் ஈரத்துணியையும் பயன்படுத்துங்கள். பெயின்ட்டை இளக்கச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் 593 டிகிரி செல்சியஸைத் தொடக் கூடாது என்பது அமெரிக்க விதி. அதைவிட நன்றாகவே குறைத்து வைப்பது நல்லது. தீச்சுடரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், ஈயம் புகையாகவே மாறிவிடும்.

பித்தளைக் கீல்களையும் கைப்பிடிகளையும் ஸ்லோ குக்கரில் (மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைக்கும் மின்பாத்திரம்) சலவைச் சோடா கலந்த தண்ணீரில் இரவு முழுக்க வைத்தால், காலையில் பெயின்ட் தோல் உரிவதுபோல் கழன்று வரும். மிக நல்ல முறை, நானும் பரிந்துரைக்கிறேன். ஆனால் அந்தப் பாத்திரத்தில் இனிமேல் சமைக்கக் கூடாது. மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். அடுப்படியில் வைக்கவும் வேண்டாம். அந்தத் தண்ணீரையும் தோலையும் சாக்கடையில் ஊற்றாமல், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

மெத்திலீன் குளோரைடு உள்ள பெயின்ட் நீக்கியை மூடிய அறையில் திறக்கவே வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். குளியல் தொட்டிக்குள் குனிந்து பெயின்ட் உரித்தவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019இலிருந்து பொதுமக்களுக்கு விற்கத் தடை. பரணில் கிடக்கும் பழைய டப்பாவுக்கு அந்தத் தடை தெரியாது.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுகிறவர்களுக்கு இன்னொன்று. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் இப்படிப்பட்ட துணிக்குவியலிலிருந்து கிளம்பிய தீயில் 3 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். துணியை வெளியே தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிறைத்த மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

பரணில் கிடைக்கும் மற்ற சிலவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது. வெப்பம் கடத்தாமல் இருக்கக் கொட்டிய, வெள்ளியும் பொன்னுமாய் மின்னும் சரளை போன்ற வெர்மிகுலைட்டில் கல்நார் இருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து 1990வரை வந்தது அப்படிப்பட்டது. இருட்டில் ஒளிராத பழைய கடிகாரம் பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள்: ஒளிரும் பொருள்தான் தேய்ந்துபோனது, அதில் கலந்த கதிரியக்க ரேடியம் பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறக்காமல் பார்த்து ரசியுங்கள். 19ஆம் நூற்றாண்டுப் பச்சை வால்பேப்பரில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கக்கூடும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உரிக்கும் முன் சோதியுங்கள்.

தூசி கிளப்பாத பனிக்கால வேலைகளும் நிறைய இருக்கின்றன. வீட்டின் வரைபடத்தை அளந்து வரையலாம், பழைய பத்திரங்களைத் தேடி வீட்டுக்காரர்களின் வரிசையைக் கட்டலாம், கண்டெடுத்தவற்றைப் படம் எடுத்து எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை உயரம் என்று எழுதி வைக்கலாம். இடம் எழுதாத ஆணி வெறும் பழைய இரும்புதான்.

இந்தப் பருவத்தில் ஏற்கெனவே எதையாவது உலர்வாகத் தேய்த்திருந்தால், வீட்டில் ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முதலில், பிறகு உங்களுக்கும், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். என்ன தேய்த்தீர்கள், எந்த அறையில், எப்போது என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.