எலி மருந்து எலியோடு நிற்பதில்லை

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் கால்நடைக் கிளினிக்குக்கு வருபவை பெரும்பாலும் வீட்டு நாய்களும் பூனைகளும்தான். ஆனாலும் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை அவற்றின் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். நொண்டி வரும் நாயின் காலில் ரோமத்தை மழித்தால் மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் செய்த கண்ணி தெரியும். சதை அதன்மேல் வீங்கி மூடியிருக்கும். இந்தக் கண்ணி இழுக்க இழுக்க இறுகுமே தவிர, தளராது. கம்பியை வெட்டி எடுத்த பிறகும், ரத்த ஓட்டம் நின்ற பாதம் சில நாளில் கறுத்துவிடுவதுண்டு. நாயைத் தூக்கி வர ஆள் இருக்கிறது. அதே கம்பியில் சிக்கும் மூசாங்குக்கோ (மரநாய்) சிறுத்தைப் பூனைக்கோ யார் இருக்கிறார்கள்?

விஷம் இன்னும் மோசம். புரோடிஃபாக்கூம் போன்ற எலி மருந்துகள் உடலில் வைட்டமின் கே-யை முடக்கி, ரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கின்றன. எலி உடனே சாவதில்லை. சில நாள் மந்தமாகத் திரியும். மந்தமான எலிதான் எளிதில் அகப்படும். அதைத் தின்னும் விலங்கின் கல்லீரலில் அந்த விஷம் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. நாய்க்கு வாரக்கணக்கில் வைட்டமின் கே1 மாத்திரை கொடுத்துக் காப்பாற்றலாம். காட்டு விலங்குக்கு அந்த வாய்ப்பே இல்லை.

எங்கள் செபராங் பிறை வட்டாரத் தோட்டங்களில் கண்ணியும் விஷமும் வேண்டாம் என்று பேசப் போகும்போது, 'பாவம், உயிர்' என்று நான் தொடங்குவதில்லை. கோழியைப் பறிகொடுத்தவரிடம் அது எடுபடாது. எடுபட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் சிறுத்தைப் பூனையின் முக்கிய இரையே எலிதான். அந்தப் பூனையைக் கொன்றால் எலி பெருகும், மருந்துச் செலவும் ஏறும். இந்தக் கணக்கு எல்லோருக்கும் புரிகிறது. "அப்போ என் கோழிக்கு என்ன வழி, டாக்டர்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இரவில் கூண்டை மூடுங்கள் ஐயா, கூரைக்கும் அடிப்பக்கத்துக்கும் நெருக்கமான கம்பி வலை அடியுங்கள் என்றேன். வீட்டு மேற்கூரையில் மூசாங் குட்டி போட்டிருந்தால், குட்டிகள் வெளியேறிய பிறகு ஓட்டையை அடைத்தால் போதும்.

சட்டமும் நம் பக்கம்தான். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். சிறுத்தைப் பூனை, புலியைப் போலவே முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பின் உச்சத் தண்டனை 10 லட்சம் ரிங்கிட் அபராதம், 15 ஆண்டுச் சிறை வரை போகிறது. ஆனால் புகார் வராத இடத்தில் சட்டம் என்ன செய்யும்? கண்ணியைக் கண்டால் படமெடுத்து, இடத்தைக் குறித்து வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் சொல்லுங்கள். விலங்கு சிக்கியிருந்தால் கிட்டே போகாதீர்கள். வலியில் இருக்கும் சிறு பூனையும் கையைக் கிழித்துவிடும்.

ஒரு தோட்டத்தில் விஷத்தைக் குறைத்து, எலி பிடிக்கும் கூகை ஆந்தைகளுக்குக் கூட்டுப் பெட்டி வைக்கலாம் என்ற அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறது. பெட்டி யார் செலவு என்பதில்தான் இழுபறி.